வெயில் தடுத்த கண்ணாடி

என் தம்பியைப் பல்லுக்காரன் என்று கேட்டால்தான் எல்லைச் சாவடியில் தெரியும். இந்தப் பக்கத்துப் பட்டறையில் செய்கிற பல்செட்டுகளைப் பதினாறு வருடமாக அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கு வேனில் கொண்டுபோகிறான். இன்றைக்கு எத்தனை பேர் சிரிப்பைக் கடத்துகிறாய் என்று காவலர்கள் கேட்பார்களாம். இவன் சொந்தச் சிரிப்பில் கஞ்சன்.

அவன் மனைவிக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை, தங்குவதும் அங்கேயே. போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். மதியம் ஒன்றிலிருந்து ஒன்றரை வரைதான் வெளியே வரலாம். அந்த அரைமணிதான் அவர்களுடைய குடித்தனம். வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள்.

ஒருநாள் கல் தெறித்து முன்கண்ணாடி போயிற்று. வேனா அடுப்பா என்று அவள் எப்போதோ சொன்னதை இவன் மனதில் வைத்திருந்தான். கம்பெனிக் கண்ணாடியை விட்டுவிட்டு, வெளிக்கடையில் வெயில் தடுக்கிற கண்ணாடியாகப் பார்த்துப் போட்டான். வேண்டாமென்று நான் சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

அந்தக் கண்ணாடியில் புது டேக்கும் ஒட்டினான். சாவடியில் கருவி அதைப் படித்தால்தான் கட்டை எழும்பும். எழும்பவில்லை. தாள் பார்க்கிற வரிசைக்குத் திருப்பிவிட்டார்கள். போய்ச் சேரும்போது ஒன்றே முக்கால். வாசலில் அவள் இல்லை. பட்டறையில் பெட்டி கொடுப்பதே பன்னிரண்டுக்கு, முன்னதாகக் கிளம்பவும் வழியில்லை.

மூன்றாம் நாள் நம் அறிவாளி டேக்கை உரித்து, கையில் பிடித்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். வேறு வண்டிக்கு மாற்றிவிடக் கூடாதென்று, உரித்தால் செத்துப்போகிற மாதிரிதான் அதைச் செய்திருக்கிறார்கள். சாவடி அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார்.

"இந்தக் கண்ணாடி முழுக்க உலோகப் பூச்சுய்யா. கம்பெனிக்காரன்னா டேக்குக்குன்னு கொஞ்சம் இடம் பூசாம விடுவான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

இன்னொரு டேக் கிடைக்க மூன்று வாரம் ஆனது. தினமும் டப்பாவை வாசற்காரரிடம் கொடுத்துவிட்டு வருவான். மறுநாள் கழுவிய டப்பா திரும்பும். வேன் உள்ளே ஜில்லென்றுதான் இருந்ததாம். பக்கத்துச் சீட்டில் பல்பெட்டிதான் உட்கார்ந்திருந்தது. தனியாகச் சமைத்துக் கழுவிக்கொண்டு இருக்காதே, சாயங்காலம் என் வீட்டுக்குச் சாப்பிட வாடா என்றேன், வரவில்லை. ஒரு தட்டு கழுவ எத்தனை நேரம் ஆகும் அக்கா என்று போனை வைத்துவிட்டான்.

கடைசியில் அந்தக் கண்ணாடியைக் கழற்றிப்போட்டுச் சாதாக் கண்ணாடி மாட்டினான். புது டேக் வந்த அன்று கட்டை எழும்பியது. ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வாசலில் நின்றான். அவள் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள்.

"குளிர் கண்ணாடி போட்டிருக்கீங்கன்னு வாசக்காரர் சொன்னாரே?"

"கழட்டிட்டேன்."

"நான் ஒருநாள்கூட உக்காரலையே."

அவன் டப்பாவைத் திறந்தான். அவள் தன் தோளில் கிடந்த ஈரத்துண்டை எடுத்து வெயில் விழுகிற பக்கமாகக் கண்ணாடியில் தொங்கவிட்டாள். பாதி சாப்பிடுவதற்குள் அது காய்ந்துவிட்டதாம். சாப்பிட்டு முடித்தபோது மணி ஒன்று இருபது. மீதிப் பத்து நிமிடமும் அவள் அந்த வெயிலிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.