ஆல்ப்ஸ் இறக்கமும் தொப்பூர்க் கணவாயும்

அண்ணன் அந்தச் சிவப்பு வண்டியின் கதவைத் திறந்துவிட்டபோது, இதில் உட்காருவதா படுப்பதா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இரண்டே இருக்கை. இடுப்பளவுக்குக்கூட உயரம் இல்லை. புடவையோடு ஏற முடியாது என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்ததால் சுடிதாரில் இருந்தேன். அப்படியும் ஒரு காலை உள்ளே விட்டால் மறு காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பெட்டி வைக்கும் இடத்தில் என் பை ஒன்றுதான் கொள்ளும். அம்மா கொடுத்தனுப்பிய ராகி மாவையும் புளிக்காய்ச்சலையும் மடியில் வைத்துக்கொண்டேன். ‘இதுக்கு நம்ம ஊரு ஷேர் ஆட்டோவே தேவலாம்’ என்றேன். அண்ணன் சிரித்தான். ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்த வண்டிதான் என்றாலும், அதன் முகப்பைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொட்டு வணங்கி ஏறினான்.

அண்ணன் ஜெர்மனியில் லாரி ஓட்டுகிறான். அதற்கு முன் தர்மபுரியிலிருந்து சேலம், பெங்களூர், ஹூப்ளி என்று நம் சாலைகளில் ஓட்டியவன். எங்கள் அப்பாவும் லாரி டிரைவர். கம்பைநல்லூரில் ஒருவரிடம் கடைசி வரை வேலை பார்த்தார். சேலம் போகும் சாலையில் தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில், இரட்டைப் பாலத்துக்குச் சற்று முன்னால், அவர் ஓட்டிவந்த லாரி பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்தது. அப்பா அங்கேயே போய்விட்டார். வண்டியின் ஓனர் பிரேக்கைச் சரியாகப் பார்க்காமல் விட்டதால்தான் அப்பா செத்தார் என்பது எங்கள் வீட்டில் சந்தேகமே இல்லாத விஷயம். துக்கம் விசாரிக்க வந்த அந்த மனிதர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, ‘பிரேக்கெல்லாம் நல்லாத்தாங்க இருந்துச்சு, போன மாசந்தான் லைனர் மாத்தினேன்’ என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். அன்றிலிருந்து சந்தையில் அவரைக் கண்டால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அண்ணன் எச்சில் துப்புவான். ‘அப்பா கையில தப்பு நடக்காது’ என்பது அவன் எப்போதும் சொல்லும் வாக்கியம். அவன் ஸ்டியரிங் பிடித்ததே அந்த நம்பிக்கையில்தான் என்று எனக்குத் தெரியும். அதை யாராவது கேள்வி கேட்டால் அடித்துவிடுவான். ஒருமுறை டீக்கடையில் அடித்தும் இருக்கிறான்.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டதும் என்னை அங்கே வரவழைத்தான். அண்ணியும் பிள்ளைகளும் ஊருக்கு வந்திருந்த நேரம் அது. அவன் வீட்டிலிருந்து கிளம்பி ஆஸ்திரியா வழியாக இத்தாலியின் கடற்கரை வரை போய்த் திரும்புவது என்று திட்டம். ஏன் இப்படி ஒரு வண்டி என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில் எனக்குப் புரிய நேரமாயிற்று. ‘கம்பெனி லாரியில நான் ஓட்டறதே இல்ல பாப்பா. அதுவே கியர் போடும், அதுவே பிரேக் போடும். கொஞ்சம் அழுத்திப் பிரேக் போட்டா ஆபீஸ்ல இருந்து போன் வரும், ஏன் போட்டேன்னு. இதுல அப்பிடி எவனும் கேக்க மாட்டான்.’ அதற்காகவே தேடிப் பிடித்து, கையால் கியர் போடும் வண்டியாக எடுத்திருந்தான். வேக வரம்பு இல்லாத நெடுஞ்சாலையில் அதை அவன் விரட்டியபோது நான் கண்ணைத் திறக்கவே இல்லை. காது அடைத்தது. மெதுவாகப் போ என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை. எனக்கு உண்மையில் கோபம் வந்தது. அவனோ பள்ளிக்கூடம் விட்ட பையன் போலச் சந்தோஷமாக இருந்தான். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆஸ்திரியாவைத் தாண்ட அவன் சுரங்கப் பாதையை எடுக்கவில்லை. லாரியில் தினம் அதில்தானே போகிறேன் என்று பழைய மலைப்பாதைக்குத் திருப்பினான். ஏறும்போது எல்லாம் நன்றாகவே இருந்தது. வளைவுக்கு வளைவு மரங்கள் குறைந்து, கடைசியில் பாறையும் புல்லும்தான் மிஞ்சின. கோடையிலும் சாலை ஓரத்தில் அழுக்கான பனி கிடந்தது. உச்சியில் நிறுத்தி, காபி வாங்கிக் கொடுத்து, எங்கள் ஊர்ப் பக்கத்து வத்தல்மலைக்கு டவுன் பஸ்ஸில் போனதைப் பேசிக்கொண்டிருந்தான். பிறகு இறக்கம் தொடங்கியது. முதல் வளைவு முடிந்ததும் அவன் வலது கை கியர் தடியை நடுவே தள்ளி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தது. இன்ஜின் சத்தம் சட்டென்று அடங்கியது. காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

எங்கள் பக்கத்தில் லாரிக்காரர் வீட்டில் பிறந்த யாருக்கும் அது என்னவென்று சொல்லித்தர வேண்டாம். இறக்கம் வந்தால் வண்டியை எந்தக் கியரிலும் இல்லாமல் நியூட்ரலில் விட்டுவிடுவார்கள். டீசல் மிச்சம். தொப்பூர் உச்சியில் விட்டால் அடிவாரம் வரை சொட்டு டீசல் இல்லாமல் இறங்கலாம் என்று பெருமையாகப் பேசுவார்கள். அப்படி இறக்குபவன்தான் கெட்டிக்கார டிரைவர். நான் கார் ஓட்டப் பழகிய இடத்தில் அதைச் செய்யவே கூடாது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்; நியூட்ரலில் விட்டால் மொத்தப் பாரமும் பிரேக்கின் மேல் விழும், நல்ல பிரேக்கும் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

‘அண்ணா, கியர் போடு’ என்றேன்.

‘எறக்கத்துல தானா போற வண்டிக்கு எதுக்குப் பெட்ரோல ஊத்தணும்? அப்பா வுட்ட மாதிரி வுடறேன், பாரு.’

‘அவரு வுட்டுத்தான…’ என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினேன். அவன் முகம் மாறிவிட்டது. ‘பிரேக் நல்லா இருந்தா நியூட்ரல்ல போனா என்னா பாப்பா? ஓனரு பிரேக்கப் பாத்திருந்தா அப்பா இன்னிக்கி இருந்திருப்பாரு’ என்றான். எனக்கு நிரூபித்துக் காட்டுவதுபோல வண்டியை அப்படியே விட்டான்.

கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பிரேக்கை அழுத்துவான், வளைவு முடிந்ததும் விடுவான், வண்டி மறுபடி துள்ளிக்கொண்டு இறங்கும். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் முழங்கால் உயரத்துக்குக் கல் கட்டை, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. வழியில் சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்த வயதான ஒரு மனிதரை உரசுகிற மாதிரி கடந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்றம் வந்தது. இரும்புச் சட்டியைக் காலியாக அடுப்பில் விட்ட மாதிரியான தீய்ந்த நாற்றம். நான் அவனைப் பார்த்தேன். அவனுக்கும் வந்திருக்கிறது என்பது அவன் மூக்கு விடைத்ததில் தெரிந்தது. ஆனால் கியரைத் தொடவில்லை. தொட்டால் நான் சொன்னது சரி என்றாகிவிடும். அந்த வீம்பு எனக்குத் தெரியாததா? எங்கள் வீட்டு வீம்புதானே அது.

அடுத்த வளைவில் அவன் பிரேக்கை மிதித்தான், வண்டி கேட்கவில்லை. மறுபடி மிதித்தான். அவன் முழங்கால் முழுக்க நீண்டுபோனதை நான் பார்த்தேன். ‘பிடிக்கல’ என்றான். மெதுவாக, பக்கத்து வீட்டு விஷயம் சொல்வது போல. வளைவில் டயர்கள் கிறீச்சிட்டுக்கொண்டு எதிர்ப்பக்கத்துக்கே போய்விட்டன. எதிரே யாரும் வராதது எங்கள் நல்ல நேரம். நான் புளிக்காய்ச்சல் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ‘கியர், கியர்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கிளட்சை மிதித்து மூன்றாவது கியரில் தள்ளினான். இன்ஜின் அலறியது, தலை முன்னால் போய் மோதப் பார்த்தது. அதிலிருந்து இரண்டாவது. கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தான். இன்னும் ஒரு வளைவு. அதைத் தாண்டியதும் சாலையோரம் ஜல்லி கொட்டிய அகலமான இடம் ஒன்று மலைப்பக்கமாகத் தெரிந்தது. வண்டியை அதில் ஏற்றினான். ஜல்லி அடியில் அறைந்து அறைந்து வண்டி நின்றது.

முன் சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. நான் இறங்கி வாந்தி எடுத்தேன். அண்ணன் இறங்கவில்லை. சிறிது நேரத்தில் அந்தச் சைக்கிள்காரர் எங்களைக் கடந்து போனார். புகையைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, நாங்கள் நலமா என்று கட்டைவிரலை உயர்த்திக் கேட்டார். நானும் உயர்த்திக் காட்டினேன். அவர் நிதானமாக அடுத்த வளைவில் மறைந்தார்.

வெகுநேரம் கழித்து, புகை அடங்கி, சக்கரம் ஆறிய பின், அண்ணன் உட்கார்ந்த இடத்திலேயே பிரேக்கை மிதித்துப் பார்த்தான். வண்டியைச் சில அடி உருட்டி மறுபடி மிதித்தான். பிடித்தது. நறுக்கென்று பிடித்தது. இன்னொரு முறை உருட்டினான், பிடித்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது, அவனைத் திரும்பிப் பார்க்கும் வரை. அவன் அழுதுகொண்டிருந்தான்.

‘பிரேக்கு நல்லாத்தான் இருக்குது பாப்பா’ என்றான். ‘நாந்தான் அதச் சூடேத்திக் கொன்னேன். அது பாட்டுக்கு நல்லாத்தான் இருந்துச்சு.’

அவன் எந்த வண்டியைச் சொல்கிறான் என்று எனக்குப் புரிந்தது. அப்பாவின் லாரியைத் தவிர வேறு எதையும் அவன் அந்த நேரத்தில் நினைத்திருக்க முடியாது. வாசலில் கையைக் கட்டி நின்ற அந்த ஓனர் சொன்னதும் அதே வார்த்தைதான். நான் அவன் தோளைத் தொட்டேன். மீதி இறக்கம் முழுவதும் இரண்டாவது கியரிலேயே, பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்க அடிக்க இறங்கினான். இத்தாலியில் கடலைப் பார்த்தோம், படம்கூட எடுத்துக்கொண்டோம். என்னை விமானம் ஏற்றும்போது ஒன்றே ஒன்று கேட்டான், அம்மாவுக்கு இது தெரியக் கூடாது என்று. அப்பா மேல் தப்பு என்று தெரிந்தால் அம்மா உடைந்துபோய்விடுவாள் என்றான். நானும் அப்படித்தான் நம்பினேன்.

சென்ற மாதம் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குச் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். என் காரில், நாங்கள் இருவர் மட்டும். தொப்பூர் இறக்கத்தில் இப்போது ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள். நியூட்ரலில் ஓட்டாதீர்கள், கியரில் மெதுவாகச் செல்லுங்கள் என்று ஒரு குரல் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் அம்மா காதில் விழுந்து, அதிலிருந்து ஏதாவது தோன்றிவிடுமோ என்று எனக்குப் பயம். சத்தம் கேட்கத் தொடங்கியதும் அம்மா பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினேன்.

‘எதுக்கு ஏத்தற? காத்தே வல்ல, எறக்கு’ என்றாள் அம்மா. இறக்கினேன். குரல் தெளிவாகவே கேட்டது. இரட்டைப் பாலம் நெருங்கியது. அங்கே அம்மா ஓனரைத் திட்டுவது வழக்கம். அன்றும் திட்டினாள், ஆனால் அரை மனதாக. பிறகு ஒலிபெருக்கி இருந்த பக்கம் முகத்தைக் காட்டி, ‘இது கத்தறதத்தான் நானும் கத்தினேன். கியர்ல வுடுங்க, கியர்ல வுடுங்கன்னு. ஒனக்கென்னா தெரியும்னு சிரிப்பாரு ஒங்கப்பா’ என்றாள்.

‘அப்ப ஒனக்குத் தெரியுமா? அப்புறம் எதுக்கும்மா இத்தன வருசமா ஓனரத் திட்டற?’

‘பின்ன, செத்த மனுசனயா திட்டச் சொல்ற?’

‘அந்தாளு பாவம் இல்லியா?’

‘பாவந்தான். நான் என்னா பண்ணட்டும்? ஒங்கண்ணன் லாரிக்குப் போறேன்னு நின்னான். அப்பன் கையாலயே அப்பன் போனாருன்னு அவனுக்குத் தெரிஞ்சா, வண்டியில ஏறும்போதெல்லாம் அவனுக்கு அந்த நெனப்புதான வரும்?’

அதற்குமேல் என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. அண்ணனுக்குத் தெரியும்மா என்றேன். மலைப்பாதை, நியூட்ரல், புகை எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கணவாய் முடிந்து சமதளம் வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். அவனுக்குப் போன் போடு என்றாள். போட்டுக் கொடுத்தேன். அவன் எங்கோ லாரியில் போய்க்கொண்டிருந்தான், எடுத்தவன் ‘சொல்லும்மா’ என்றான். அப்பாவைப் பற்றியோ ஓனரைப் பற்றியோ அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

‘டேய்,’ என்றாள், ‘எறக்கம் வந்தா கியர்லதான போற?’