லீக்ஸ் பாத்தியில் ஒரு மணி நேரம்

தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் முதலுதவிச் சான்றிதழ் வைத்திருந்த ஒரே ஆள் நான். அக்கரப்பத்தனைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர்கள், பகல் சாப்பாடும் உண்டு என்றதால் போனேன். பிளாஸ்டிக் பொம்மையின் நெஞ்சை அமுக்கினேன், சோறு தின்றேன், சான்றிதழ் வாங்கினேன். அதை லேமினேட் செய்து சாமி படங்களின் வரிசையில் மாட்டினேன். பிறகு ஒரு வாரம், சாயந்தரமானால் மனைவிக்கு வகுப்பெடுத்தேன். கரண்ட் பிடித்த ஆளைத் தொடக்கூடாது, முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்று தலையணையை வைத்து விளக்குவேன். அவள் ரொட்டி தட்டிக்கொண்டே கேட்பாள். காது இங்கே இருக்கிறதா என்று இடையிடையே அதட்டுவேன்.

லயத்து வரிசையில் எங்கள் வீடான காம்பராவுக்கு மீட்டர் உண்டு. அடுத்த காம்பராவுக்கு இல்லை. எங்களிடமிருந்து ஒரு வயர் கூரைத் தகரத்தின் மேலாகப் போகும். அந்தத் தகரத்தின் ஓரத்தில்தான் துணி காயப்போடும் கம்பியைக் கட்டியிருந்தோம். வயரின் தோல் தேய்ந்துவிட்டது எல்லோருக்கும் தெரியும். ஈர நாளில் துணி எடுக்கும்போது விரலில் சுருக்கென்றால், இன்றைக்குக் கரண்ட் நன்றாக வருகிறது என்று சிரிப்போம். சான்றிதழ் வாங்கிய பிறகும் நான் சிரித்தேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட நேரம். என் ஆறு வயது மகள் பள்ளிக்கூடச் சட்டையை எடுக்கக் கல்லின் மேல் ஏறிக் கம்பியைப் பிடித்தாள். பிடித்த கை விடவில்லை. சத்தமும் வரவில்லை, உடம்பு மட்டும் உதறியது. வாசலில் நின்ற சான்றிதழ்காரன் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

அப்புறம் நடந்தது மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். மனைவி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே ஓடினாளாம். பயந்து ஓடுகிறாள் என்று அக்கம்பக்கம் நினைத்ததாம். அவள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கொழுந்தெடுக்கும்போது செடியில் மட்டம் பார்க்கிற மட்டக்கம்போடு வந்து கம்பியை எட்டத் தள்ளியிருக்கிறாள். பிள்ளையின் மூக்கருகே காதை வைத்தாள். மூச்சு இருந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். பிள்ளை கண் திறக்கவில்லை.

எனக்கு நினைவு திரும்பியபோது நாலைந்து பேர் வாசலுக்கு எதிரே லீக்ஸ் நட்டிருந்த காய்கறிப் பாத்தியில் மும்முரமாகக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் அடித்தவரைக் கழுத்துவரை புதைத்தால் மண் கரண்டை இழுத்துக்கொள்ளும் என்பது எங்கள் லயத்து வைத்தியம். ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் தலைமை தாங்கினார். புல்லு வெட்டும் ஆட்களை வேலை வாங்கிய அதே குரல். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், நாக்கு புரளவில்லை.

மனைவி பிள்ளையை வாரித் தூக்கினாள். "நான் உசுரோட இருக்கையில எம்புள்ளய மண்ணுல வைக்க விடமாட்டேன் மாமா. வழி விடுங்க," என்றாள் கங்காணியிடம். மேல் லயத்து த்ரீவீலரில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

குழி மிச்சமாகிவிட்டது. பாடுபட்டு வெட்டியதை வீணாக்க யாருக்கும் மனம் வரவில்லை. என்னைத் தூக்கி அதில் இறக்கினார்கள். திமிறினேன். கரண்ட் தலைக்கு ஏறிவிட்டது, நன்றாக அமுக்குங்கள் என்றார் கங்காணி.

கழுத்துவரை சில்லிட்ட மண். பிள்ளை இருக்கிறாளா இல்லையா என்று தெரியாது. எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கக் கை வெளியே இல்லை. அப்போது என் கால்சட்டைப் பைக்குள் போன் அடித்தது. ஒரு மணி நேரம் ஆகாமல் ஆளை வெளியே எடுத்தால் வைத்தியம் கெட்டுவிடும் என்று கங்காணி ஒரே பிடியாக நின்றார். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை நான் கத்திய கத்தலில் பக்கத்துக் காம்பராக்காரர் தோண்ட ஆரம்பித்தார். போனில் மண்ணும் மனைவியின் குரலும் வந்தன. பிள்ளை கண் திறந்து, பசிக்கிறது என்றாளாம்.

இருதயத்தைப் பார்க்க மெஷின் மாட்டி, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். உள்ளங்கையில் மட்டும் தீக்காயம். டாக்டர் என்னையும் சோதித்தார். கரண்ட் அடித்தும் ஏன் உடனே வரவில்லை என்று கேட்டார். வேலையாக இருந்தேன் என்றேன்.

அதற்குள் துணிக்கம்பியை அறுத்தெறிந்து, வயரையும் ஆள் பிடித்துப் புதிதாக மாற்றியிருந்தோம். வீட்டுக்கு வந்த மகள் கட்டுப்போட்ட கையோடு என் மடியில் ஏறினாள்.

"நீங்க ஓடி வந்து என் கையப் புடிச்சீங்கல்லப்பா. ஒங்களுக்குக் கரண்ட் அடிச்சா நானும் ஓடி வந்து புடிச்சுக்குவேன்."

உடனே அவளைத் தூக்கிக்கொண்டு போய் மெயின் சுவிட்சுக்கு நேரே பிடித்தேன். அணைக்கச் சொன்னேன். அணைத்தாள். அடுத்த காம்பராவில் டிவி நின்று, யாரப்பா அது என்று சத்தம் போட்டார்கள். மறுபடி போட்டு, மறுபடி அணைக்கச் சொன்னேன்.

"அப்பா கத்துனாலும் தொடக்கூடாது," என்றேன்.

அவள் உதடு பிதுங்கியது. அப்பா பாவம் இல்லையா என்று கேட்டு அழத் தொடங்கினாள். அழட்டும் என்று இன்னொரு தடவை அணைக்கச் சொன்னேன்.