மூச்சுக்கு இரண்டு அங்குலம்

"காலைல என்ன சமையல்?" என்று கேட்டுக்கொண்டே டேப்பைச் சுற்றிவிட்டாள் டேப்பக்கா. அளவு கொடுக்க வந்த அம்மாள், "பெருசா ஒண்ணுமில்லக்கா, நேத்து மிச்சத்தையே சூடு பண்ணி..." என்று வாயைத் திறந்தார். அவ்வளவுதான். "முப்பத்தெட்டரை!" என்று அக்கா குரல் கொடுத்தாள். அந்த அம்மாளுக்கு முகம் விழுந்துவிட்டது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று எடுத்தபோது முப்பத்தாறுதானாம்.

டேப்பைக் கண்டதும் வயிற்றை உள்ளே இழுக்காத பிறவியை நான் இந்தப் பதினோரு வருஷத்தில் பார்த்ததில்லை. வாயால் பொய் சொல்லாத நல்ல மனிதர்கள்கூட வயிற்றால் சொல்லிவிடுகிறார்கள். ஆண்டவன் அதை மன்னித்துவிடுவான் என்றுதான் நினைக்கிறேன். டேப்பக்கா மன்னிக்க மாட்டாள். பொய் அளவுக்கு வெட்டிய வயிற்றுக் கச்சை, போட்ட அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடும் என்பது அவள் கட்சி. பேசிக்கொண்டே வயிற்றைப் பிடித்து வைக்க மனிதரால் ஆகாது. அதனால்தான் அந்தக் கேள்வி.

எந்தக் கேள்வி கேட்பது என்பதிலும் கணக்கு உண்டு. சமையலைக் கேட்டால் உண்மையான அளவு. பிள்ளைகளின் படிப்பைக் கேட்டால் பெருமூச்சு வந்து கால் அங்குலம் குறையும். "மாமியாரப் பத்தி ஒருத்திகிட்ட கேட்டுத் தொலச்சேன். அர இஞ்ச் கூடிடுச்சு. பெல்ட்டு லூசாப் போயி, திருப்பிக் கொண்டாந்துட்டா. அதுலேருந்து நான் மாமியார் பேச்சே எடுக்கறதில்ல" என்பாள் அக்கா.

அவள் வேலை, உடம்பை ஒழுங்காகக் காட்டும் உள்கச்சைகளை வடிவமைத்து வெட்டுவது. வயிற்றுக்கு, இடுப்புக்கு, பிரசவித்த உடம்புக்கு, முதுகு வலிக்கு. வெட்டும் மேசை ஒன்று, மெஷின் இரண்டு, ஆள் உயரக் கண்ணாடி ஒன்று, ஒரு திரை. இவ்வளவுதான் கடை. சன்னலோரம் உட்கார்ந்து கொக்கி தைப்பது என் வேலை. ஒரு கச்சைக்குப் பதினெட்டுக் கொக்கி, ஒவ்வொன்றுக்கும் ஆறு சுற்று நூல். முதல் சுற்றில் ஆண்டவன் பெயரைச் சொல்லிக்கொள்வேன். உதடு அசைவதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்ட அக்கா, எனக்குக் கொக்கி என்றே பெயர் வைத்துவிட்டாள். "நம்ம பெல்ட்டு நிக்கறதுக்கு என் வெட்டு பாதி, கொக்கியோட சாமி பாதி" என்று வருகிறவர்களிடம் சொல்வாள். பாதி என்று ஒப்புக்கொள்கிறாளே, அதுவே பெரிது.

அக்காவோ ஒட்டடைக் கம்பு. இடுப்பு எங்கே இருக்கிறது என்று டேப் வைத்துத்தான் தேட வேண்டும். ஆகையால் புது மாதிரி எது வெட்டினாலும் போட்டுப் பார்க்கும் பாக்கியம் எனக்கு. ஆண்டவன் எனக்குப் பணத்தில் கை சுருக்கினாலும் சதையில் தாராளம். கச்சையைக் கட்டிவிட்டு, "உக்காரு, எந்திரி, செருப்பு வாரப் போடு, மாடி ஏறி எறங்கு" என்று வரிசையாக உத்தரவு வரும். பிறகு மூக்கருகே மிளகுப் பொடி நீட்டுவாள். தும்ம வேண்டும். தும்மலுக்குத் தாங்கினால், கடைசியாக மண்டியிட்டுப் பிரார்த்தனை. "சாமி கும்பிட விடாத பெல்ட்டு என்னாத்துக்கு?" என்பாள். நானும் கிடைத்த நேரத்தை வீணாக்குவானேன் என்று அக்கம்பக்கத்தார் எல்லோருக்காகவும் வேண்டிக்கொண்டிருப்பேன். "போதும், எந்திரி. சாமிக்கும் வேற வேல இருக்கும்."

அவள் வீட்டுக்காரர் பக்கத்துக் கடையில் கடிகாரம் பழுது பார்க்கிறார். மனைவி என்ன தொழில் செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "உடம்பு சம்பந்தமா..." என்று இழுத்து, கடிகாரத்துக்குள் தலையை விட்டுக்கொள்வார். அவ்வளவு கூச்சம். கல்யாணமான புதிதில் ஒரு சுவர்க் கடிகாரத்தின் எஃகுச் சுருள் காணாமல் போய் இரண்டு நாள் தேடியிருக்கிறார். மூன்றாம் நாள் அக்கா சொன்னாளாம்: "ஏங்க, அது உங்க பெரியம்மா இடுப்புல இருக்கு. பத்திரமா இருக்கு." துணி மடங்காமல் நிற்க உள்ளே ஒரு வளைகிற தகடு தேவைப்பட்டிருக்கிறது. பெரியம்மா இன்றும் நிமிர்ந்து நடக்கிறார். கடிகாரக்காரர்தான் வாடிக்கையாளருக்கு வேறு கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்.

கச்சையைப் பற்றி அக்காவுக்கு ஒரு தத்துவம் உண்டு. "வயிறுங்கறது பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி. இங்கேருந்து வெரட்டினா அங்க போய் நிப்பான். எங்க நிக்கணும்னு நாமதான் எடம் காட்டணும்." அதற்காக எட்டுத் துண்டு வெட்டுவாள், ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. முன்னால் அசையாத துணி, பக்கத்தில் இழுபடும் துணி. எல்லா மாதிரி அட்டையிலும் ஒரு கோடு போட்டு 'மூச்சு' என்று எழுதி வைத்திருப்பாள். மூச்சுக்கு இரண்டு அங்குலம். அதில் பேரம் கிடையாது. இன்னும் இறுக்கச் சொன்னால், "அதுக்குப் பீப்பாய் செய்யறவர்கிட்ட போங்க. அவருதான் இரும்பு வளையம் போடுவாரு" என்று வாசலைக் காட்டுவாள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மடித்த சீட்டோடு ஒரு பெண் வந்தாள். ஒல்லியாக, வெடவெடவென்று இருந்தாள். தனக்கில்லை, தன் அக்காவுக்கு என்றாள். அவர்களால் நடந்து வர முடியாதாம். சீட்டில் மார்பு நாற்பத்திரண்டு, வயிறு நாற்பத்தேழு, அதற்குக் கீழ்ச்சுற்று நாற்பது.

டேப்பக்கா சீட்டை நேராகப் பார்த்தாள், தலைகீழாகவும் பார்த்தாள்.

"ஏம்மா, உங்கக்காவுக்கு மீச இருக்கா?"

அந்தப் பெண் திடுக்கிட்டாள்.

"பலகையில பானைய ஒட்ட வச்ச மாதிரி இருக்கே! பொம்பள ஒடம்பு முன்னால போனா பின்னாலயும் கொஞ்சம் போகும். இது முன்னால மட்டும் போயிருக்கு. யாரு, உன் வீட்டுக்காரரா?"

சிரிப்பும் அழுகையுமாக விஷயம் வெளியே வந்தது. வீட்டுக்காரர் பேண்ட் வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதுகிறார். இருபத்திரண்டு வருஷமாக முன்வரிசை. இப்போது புது மாஸ்டர் வந்திருக்கிறார். சனிக்கிழமை பூங்காவில் வாசிப்பு. "கோட்டுப் பட்டன் பூராவும் போட முடியாதவங்க முன்னால நிக்கக் கூடாதாம்க்கா. டிரம்பெட்ட இன்னொருத்தர்கிட்ட குடுத்துட்டு, இவரு பின்னால நின்னு பித்தளத் தட்டு தட்டணுமாம். கோட்டப் பிரிச்சுத் தைக்கவும் அந்த மாஸ்டரு விடமாட்டேங்கறாரு. மூணு நாளா மனுஷன் சாப்பிடல. வயிறும் எறங்கல."

"ஆளு எங்க?"

"எதுத்த கடை வாசல்ல பேப்பர் படிக்கறாரு."

சன்னல் வழியாகப் பார்த்தேன். பேப்பருக்கு மேலே இரண்டு கண்ணும், பேப்பரைத் தாண்டி ஒரு வயிறும் தெரிந்தன.

உள்ளே வந்து திரைக்குப் பின்னால் நின்றவர், டேப்பைக் கண்டதும் வயிற்றை இழுத்தார். இழுத்தது நெஞ்சு வரை ஏறி நின்றது. "தம்பி, காலைல என்ன சாப்பாடு?" என்றாள் அக்கா.

"ம்" என்றார் மூக்கால்.

"பிள்ளைங்க என்ன படிக்கறாங்க?"

"ம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். டிரம்பெட் ஊதுகிறவர் அல்லவா, ஒரு மூச்சை ஒன்றரை நிமிஷம் அடக்குவாராம். அக்கா டீ வரவழைத்தாள். வயிற்றை விடாமலே டீயையும் குடித்தார். கடைசியில், எடுக்கவே மாட்டேன் என்று சபதம் செய்திருந்த பேச்சையும் எடுத்துவிட்டாள். "மாமியார் எப்படித் தம்பி?" பக்கத்தில் மனைவி நிற்கிறாள். அவர் கூரையைப் பார்த்தார். வயிறு ஒரு நூல் அசையவில்லை. அந்த நெஞ்சுரத்தை மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

"நாப்பத்திமூணு" என்றாள் அக்கா வெறுத்துப்போய். "சீட்டுல நாப்பத்தேழு இருக்கு. நாலு இஞ்ச வழியில எங்கயாவது எறக்கி வச்சுட்டு வந்தாரா?"

"அது தூங்கறப்ப எடுத்ததுக்கா" என்றாள் மனைவி.

தூங்குகிற வயிறும் உண்மை சொல்லாது. அது பாட்டுக்குப் பரந்து கிடக்கும். அக்கா இரண்டுக்கும் நடுவில் நாற்பத்தைந்து என்று வைத்து வெட்டினாள். அவள் ஊகத்தில் வெட்டி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

வியாழக்கிழமை கட்டிப் பார்த்தோம். கோட்டு மூடியது. கடைசிப் பட்டன்வரை மூடியது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க, ஊதறாப்புல மூச்ச எடுங்க" என்றாள் அக்கா. எடுத்தார். என் பதினெட்டுக் கொக்கியில் ஐந்து பறந்தன. ஒன்று கண்ணாடியில் பட்டுத் தெறித்தது, ஒன்று டீ டம்ளரில் விழுந்தது. கோட்டுப் பட்டன் ஒன்று எங்கே போனதென்று இன்னும் தெரியவில்லை; அதே மாதிரி வேறொன்று தேடித் தைக்க வேண்டியதாயிற்று. நூல் அறுபடவில்லை, துணிதான் கிழிந்தது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

அக்கா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "முப்பது வருஷத்துல ஒரு வயிறு என்னை ஏமாத்திடுச்சே, கொக்கி."

அப்போதுதான் அந்த மனிதர் முதல்முதலாக முழு வாக்கியம் பேசினார். "தப்பு என்னோடதுதாங்க்கா. கூச்சம். அந்தக் குழாய் கையில இருக்கறப்ப யாரும் என் வயித்தப் பாக்கறதில்ல. அதையும் வாங்கிட்டாங்கன்னா..."

அக்கா நிமிர்ந்தாள். "அட, அதத்தான நான் கேட்டிருக்கணும்! நாளைக்கு அந்தக் குழாயக் கொண்டாங்க தம்பி."

வெள்ளிக்கிழமை காலை அந்தச் சின்ன அறையில் டிரம்பெட் முழங்கியது. மேசையிலிருந்த நூல்கண்டுகள் உருண்டன. கடிகாரக்காரர் கண்ணில் செருகிய பூதக்கண்ணாடியோடு ஓடி வந்து, பெண்கள் கடை என்ற ஞாபகம் வந்து, வந்த வேகத்தில் திரும்பினார். அக்கா அந்த மனிதரைச் செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஊதுகிறவரால் வயிற்றை ஒளிக்க முடியவில்லை. "மூச்ச எடுக்கறப்ப நாப்பத்தெட்டு! முடியறப்ப நாப்பத்தாறு! எழுது கொக்கி, எழுது! புடிச்சுட்டேன்!" பிறகு அவர் விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "இங்க பாரு, மூச்சு முன்னால மட்டும் போகல. முதுகுக்கும் போகுது. அங்கயே போகட்டும். கோட்டுக்குப் பின்னால பொளவு விட்டு வச்சிருக்கானே, அது எதுக்கு?"

சாயங்காலத்துக்குள் புதுக் கச்சை ஆகிவிட்டது. முன்னால் அசையாத துணி, அடிவயிற்றை ஏந்தி, கோட்டு தளர்வாக இருந்த நெஞ்சுப் பக்கம் ஏற்றிவிடுகிற வெட்டு. விலாவுக்குக் கீழே இரண்டு பக்கமும் விசிறி போல விரியும் துணி. முதுகில் நாடா. கொக்கியே கிடையாது. எனக்கு மனசு கொஞ்சம் வாடித்தான் போயிற்று. நாடா கோர்க்கப் பதினாறு துளைக்கு ஓரம் கட்டும் வேலை கிடைத்தது. ஆண்டவன் பெயரை அங்கே சொல்லிக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கிடுங்கக்கா. பயமா இருக்கு" என்றார் அவர்.

"கோட்டு மூடணுமா, பாட்டு வரணுமா?"

"ரெண்டும்தான்."

"அப்ப நாடாவுலேருந்து கைய எடுங்க."

சனிக்கிழமை மாலை நானும் அக்காவும் அவர் மனைவியோடு பூங்காவுக்குப் போனோம். புது மாஸ்டர் கையில் குச்சியோடு வரிசையைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொருவர் கோட்டுப் பட்டனையும் குச்சி நுனியால் தட்டினார். நம்மவர் முன்னால் நின்றார். எட்டுப் பட்டனையும் தட்டினார். நம்பிக்கை வராமல் பின்னால் போய்ப் பார்த்தார். மறுபடி முன்னால் வந்தார். தட்ட ஒன்பதாவது பட்டன் இல்லாததால் அடுத்த ஆளுக்குப் போனார்.

கடைசிப் பாட்டின் முடிவில் டிரம்பெட் மட்டும் தனியாக நின்று ஒரே சுரத்தை நீட்ட வேண்டுமாம். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பக்கவாட்டில் நின்ற நாங்கள் நான்காவது பட்டனைப் பார்த்தோம். மூச்சை எடுத்தார். முதுகுப் பக்கம் கோட்டின் பிளவு மெல்லத் திறந்தது. முன்னால் பட்டன் ஒரு நூலளவு சாய்ந்து, நின்றது. சுரம் புறப்பட்டது. 'இவ்வளவு சின்ன விஷயத்துக்கெல்லாம் கூப்பிடுகிறாளே என்று கோபிக்காதே, ஆண்டவனே' என்று நான் ஆரம்பித்தேன். அக்காவின் நகம் என் முழங்கையில் பதிந்திருந்தது. சுரம் மரங்களுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. மாஸ்டர் முடிப்பதற்காக ஓங்கிய குச்சியை இறக்க மனமில்லாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

கைதட்டல் அடங்கியதும் ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "அடுத்த வாரமும் முன்வரிசை நீங்கதான்" என்று மாஸ்டர் அவர் முதுகில் தட்டினார். நம்மவர் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு, மெல்ல நகர்ந்து, பெரிய மரத்துக்குப் பின்னால் நாங்கள் நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. டிரம்பெட்டை மனைவி கையில் கொடுத்துவிட்டு, அக்காவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

அக்கா கோட்டின் பின்பக்கத்தைத் தூக்கி, தடவி, முடிச்சைப் பிடித்து இழுத்தாள். நாடா துளை துளையாக விட்டது. "அம்மாடி!" என்றார் அவர். வருகிறவர் போகிறவர் வயிற்றையெல்லாம் கண்ணிமைக்காமல் பார்க்கிற டேப்பக்கா, அந்த வயிறு நிதானமாக இறங்கி முடிகிறவரை மரங்களின் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.