வெட்டி எறிந்த பதினோரு நிமிடம்

எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் ஒரு தொடுதிரை வைத்திருக்கிறோம். ராயபுரத்துக் கைத்தொழில்களைப் படம்பிடித்து அதில் சேர்ப்பது என் பொறுப்பு. ரயில்வே அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகக் கோப்பு அடுக்கி வருபவள் என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். படகுக்குப் பெயர் எழுதுவதை முடித்துவிட்டு, இரண்டாவதாக வலை பழுதுபார்ப்பதை எடுத்தேன்.

பழுதுபார்ப்பவர் என் தம்பியோடு படித்தவர். மீன்பிடித் துறைமுகத்தில் ஏலக்கூடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை செய்வார். செல்போனை முக்காலியில் பொருத்தி ஐம்பத்திரண்டு நிமிடம் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து அதைச் சுருக்கினேன். தொடக்கத்தில் பதினோரு நிமிடம் அவர் பேசவே இல்லை; வலையை மடியில் போட்டுக்கொண்டு சின்னக் கத்தியால் நூலை அறுத்துக்கொண்டே இருந்தார். ஊசி எடுக்கும் இடத்தில் படம் தொடங்கட்டும் என்று அந்தப் பகுதியை முழுசாக வெட்டினேன். போனில் இடம் போதாமல் மூலப் பதிவையும் அழித்தேன். "வேலை சுத்தமாக முடிந்தது" என்று அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது.

திருவிழா அன்று படத்தைத் திரையில் ஓட்டுவதாக ஏற்பாடு. அதற்கு ஆறு நாள் முன்பு அவரிடம் போட்டுக் காட்டினேன். அவருடைய கூட்டாளியும் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாமு, அறுக்கவே இல்ல? நஞ்ச நூல்லயே முடிச்சு போட்டுகினு கீற," என்றார் கூட்டாளி.

"நான் அறுத்தேன்டா. எங்க பூட்ச்சுன்னு அக்காவ கேளு."

பிறகுதான் எனக்கு விளங்கியது. கிழிந்த ஓரத்தில் நூல் நைந்திருக்கும். சுற்றியுள்ள வலைக்கண்களையும் வெட்டி, ஓட்டையை இன்னும் பெரிதாக்கி, உறுதியான முடிச்சு வரை போன பிறகே ஊசியைத் தொட வேண்டும். இல்லையென்றால் அடுத்த வாரமே அதே இடத்தில் பிரிந்துவிடும். எதுவரை அறுப்பது என்று பார்ப்பதில்தான் வேலை இருக்கிறது. மிச்சத்தைக் கை தானாகச் செய்யும்.

"மொத்த ஆர்பரும் வந்து இத்த பாக்கும்க்கா," என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "அப்பால எவன் எனுக்கு வலை குடுப்பான்?"

மூலம் அழிந்துவிட்டதைச் சொன்னேன். அந்த வலையும் கடலுக்குப் போய்விட்டிருந்தது. இனி வேறொரு வலை கிழிந்து வர வேண்டும். மறுநாளிலிருந்து காலை ஐந்தரைக்கு முக்காலியோடு போய் நின்றேன். மூன்று நாள், வந்த வலையெல்லாம் முழுசாக வந்தது.

"வலை கியியணும்னு மாதாகிட்ட வேண்டிகினு நிக்கிற ஒரே ஆளு நீதான்க்கா," என்றார் கூட்டாளி. "சத்தமா வேண்டாத. படகுக்காரன் தொரத்துவான்."

நான்காம் நாள், கடலடிப் பாறையில் மாட்டிய வலை ஒன்று வந்தது. படகுக்காரர் திட்டிக்கொண்டே இறக்கினார். நான் சந்தோஷத்தை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

பழுதுபார்ப்பவர் அறுத்தார், விரித்துப் பார்த்தார், மேலும் மூன்று கண்களை வெட்டினார். ஏன் இங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "இஸ்து பாரு," என்று நூலைக் கையில் கொடுத்தார். பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். முடிச்சு அசையவில்லை. என் கையும் படத்தில் இருக்கிறது.

இந்த முறை அறுக்கும் பகுதி பதினான்கு நிமிடம் வந்தது. ஒரு நொடியும் குறைக்கவில்லை. திருவிழா மாலையில் துறைமுகத்து ஆட்கள் திரையைச் சுற்றி நின்று அதை முழுவதும் பார்த்தார்கள். படத்தில் அவர் ஊசியை எடுத்ததும் பாதிப் பேர் கலைந்து தேர் பார்க்கப் போய்விட்டார்கள்.

"இன்னும் ரெண்டு கண்ணு அறுத்துருக்கலாம் மாமு," என்றார் கூட்டாளி.

"உன் வலைய கொண்டாடா, அறுக்குறேன்."

மறுநாள் அலுவலகம் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். நான் காத்திருந்தபோது வராத கிழிந்த வலைகள் இப்போது அவர் முன்னால் குவிந்திருந்தன. தலை நிமிராமல் அறுத்துக்கொண்டிருந்தார்.