டீச்சருக்குத் தமிழ் தெரியாது

மெர்டேக்கா என்று மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் மலாக்காவில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு ரிமூவ் வகுப்பைக் கொடுத்தார்கள். தமிழ்ப் பள்ளியிலும் சீனப் பள்ளியிலும் ஆறாவது முடித்த பிள்ளைகள், ஆங்கிலப் பள்ளிக்குள் நுழையுமுன் ஒரு வருஷம் ஆங்கிலம் படிக்கும் வகுப்பு அது. தேறாத பெண்களைப் பெரும்பாலும் வீட்டில் நிறுத்திவிடுவார்கள்.

வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு பேச்சு கூடாது என்பது தலைமையாசிரியையின் உத்தரவு. பழியை அவர் தலையில் போட்டுவிட எனக்கு ஆசைதான். ஆனால் அந்த உத்தரவு எனக்குப் பிடித்திருந்தது. தமிழில் ஒரு வார்த்தை விட்டால் என் மதிப்பு இறங்கிவிடும் என்ற மிதப்பு அப்போது.

நான் குடியிருந்த காஜா பேராங்கில் அக்கம்பக்கமெல்லாம் மலாக்கா செட்டிகள். கோயில், பொட்டு, பூ எல்லாம் நம்மைப் போலவே. பேச்சு மட்டும் மலாய், தமிழ் வராது. அவர்களோடு பழகி நானும் பள்ளிக்குக்கூட அவர்களைப் போலவே சாரோங் கெபாயா உடுத்தி, தெருவிலும் கோயிலிலும் மலாயே பேசுவேன்.

ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் பெண் ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். அவள் கணக்கு நோட்டில் கேள்வி மட்டும் முத்து முத்தாக எழுதியிருக்கும், விடை இருக்காது. ஒருநாள் நோட்டோடு என் மேசைக்கு வந்து நின்றாள். இங்கிலீஷில் கேள் என்று இங்கிலீஷிலேயே சொன்னேன். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள். மக்கு என்று நானும் முடிவு கட்டினேன். இன்று நினைத்தாலும் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

வருஷக் கடைசியில், மூன்றாம் தவணையில் அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். உடைந்த மலாயில், "சிக்கு, சாயா புஞ்ஞா அனாக்...", டீச்சர், என் பிள்ளை, என்று திணறினார்.

"தமிழ்லயே சொல்லுங்கம்மா" என்றேன்.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "டீச்சர் செட்டி, தமிழ் தெரியாதுன்னு பிள்ள சொல்லுச்சுங்களே" என்றார் அம்மா. பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். "படிப்பு ஏறலிங்க. நாளையிலேருந்து என்கூட ரப்பர் பாலுக்கு மரம் வெட்ட வருது. தோட்டத்து ஆபீஸ் கிராணிகிட்ட பேரு குடுத்தாச்சு."

இன்னும் ஒரு மாதம் விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். "அவங்க அப்பா ஒத்துக்க மாட்டாருங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பேன் டீச்சர்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"என்ன கேட்டிருப்ப?"

நோட்டைப் பிரித்து மூன்று கணக்குகளைக் காட்டினாள். "கணக்கு தெரியும் டீச்சர். கேள்விதான் புரியல."

நின்றபடியே மூன்றையும் தமிழில் சொன்னேன். மூன்றுக்கும் மனத்திலேயே போட்டு விடை சொன்னாள். மூன்றும் சரி. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நோட்டை மூடி என் மேசைமேல் வைத்துவிட்டு, அம்மாவோடு பஸ்ஸுக்குப் போனாள்.