கண்ணுக்கு எண்பது

காய்ந்த தென்னம்பாளைக் கொதும்பு பற்றியதும் ஜெபமலர் சீதாலக்ஷ்மியின் தோளைப் பிடித்து அடுப்பின் கிழக்குப் பக்கம் நகர்த்தினாள். மேற்கு நோக்கி நிறுத்தினாள். பாட்டரி விசிறியை அவளுடைய கன்னத்துக்கு நேராகப் பிடித்தாள். புகை ஒரு கணம் யோசித்துவிட்டுப் பக்கத்து அடுப்புக்குப் போயிற்று.

பக்கத்து அடுப்பு சொர்ணம்மாளுடையது. நாஞ்சில் நாட்டுக்காரி. சாலைக் கம்போளக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம். அவள் புகைக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தாள்.

"மேக்க பாத்து நின்னு யாராவது பொங்கல் போடுவாவளா மாமி?"

சீதாலக்ஷ்மி பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். ஐம்பத்து நாலு வயதில் முதல் கறுப்புக் கண்ணாடி. அது ஜெபமலருடையது. ஓரத்தில் ஒரு பொன்னிறப் பட்டாம்பூச்சி இருந்தது.

"வெயில் கண்ணுல அடிக்கறது சொர்ணம். கொஞ்ச நாழி கழிச்சுத் திரும்பிக்கறேன்."

"கண்ணு ஓப்பரேஷன் ஆச்சா?"

விரத நாள். பொய் சொல்லக் கூடாது. சீதாலக்ஷ்மி பானையைப் பார்த்தபடி சொன்னாள்: "புகை படாம, சூடு படாம, கசக்காம பாத்துக்கணும்னு சொல்லியிருக்கா."

யார் சொன்னது என்று சொல்லவில்லை. சொன்னவள் இளநீலச் சட்டையும் தலையில் வலையுமாக விசிறி பிடித்துக்கொண்டு நின்றாள். சொர்ணம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கூட அனுப்பிய நர்ஸ் என்று முடிவு செய்துகொண்டாள். சிஸ்டர் தள்ளி நிற்கலாமே, பொறி தெறிக்கும் என்று மரியாதையாகச் சொன்னாள். சிஸ்டர் தள்ளி நிற்கவில்லை.

அன்று ஆற்றுகால் பொங்காலை. கும்ப மாதத்தின் இந்த ஒரு நாளில் திருவனந்தபுரத்தின் தெருக்கள் பெண்களுக்கு. மூன்று செங்கல் வைத்து அடுப்பு, அதன்மேல் மண்பானை, கோயிலிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் நீளும் வரிசை. ஸ்ரீவராகத்தில் ஒரு அடுப்புக்கும் அடுத்த அடுப்புக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். மேலே கும்ப வெயில், கீழே தீ, நடுவே ஆவி. கண் இமைக்கு இதைவிடக் கெட்ட இடம் பூமியில் இருக்க முடியாது. ஜெபமலர் அதற்காகத்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

அவள் மணக்காட்டில் ஒரு பார்லரில் இமைமுடி ஒட்டுபவள். குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவள், அப்பா கட்டுமரக்காரர். பத்தொன்பது வயதில் திருவனந்தபுரம் வந்து, சாலைக் கம்போளத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் கல்யாண ஜாக்கெட்டுகளுக்குக் கல் ஒட்டினாள். இடுக்கியால் கல்லை எடுப்பது, பசையில் தொடுவது, வைப்பது. ஆறு வருடம் அதுதான். பிறகு கொச்சிக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் படித்து, ஜாக்கெட்டிலிருந்து கண்ணுக்கு மாறினாள். வேலை ஏறக்குறைய ஒன்றுதான். சொந்த இமைமுடி ஒன்றைப் பிரித்து, அதன்மேல் செயற்கை முடி ஒன்றைப் பசை தொட்டு வைக்க வேண்டும். கண்ணுக்கு எண்பது. ஒன்றரை மணி நேரம். வித்தியாசம் என்னவென்றால், ஜாக்கெட் வேர்ப்பதில்லை. குப்புறப் படுத்துத் தூங்குவதில்லை. தலைக்கு எண்ணெய் தேய்ப்பதில்லை.

எண்ணெயில்தான் எல்லாம் கெட்டது. ஒட்டி இரண்டு நாள் கழிந்தால் தண்ணீர் ஒன்றும் செய்யாது. வெயில் காலத்தில் தினமும் நுரை போட்டுக் கழுவத்தான் வேண்டும். வேர்வையும் தூசியும் அடியில் சேர்ந்தால் பிடிப்பு விட்டுவிடும். எண்ணெய் பட்டால் பசை கரையும். இதைச் சொல்லித்தான் ஒவ்வொருத்தியையும் அனுப்பினாள். ஊரில் எல்லோரும் தண்ணீரைக் கண்டு பயந்தார்கள். எண்ணெயைக் கண்டு யாரும் பயப்படவில்லை. வாரம் முழுக்க முகம் கழுவாமல் காத்தார்கள். காலையில் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்து, உள்ளங்கையில் மிஞ்சியதை நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே இழுப்பில் துடைத்துக்கொண்டார்கள். அந்த இழுப்பு அவர்களுடைய கைக்கு மட்டும் தெரியும்; தலைக்குத் தெரியாது. எண்ணெயா, தொடவே இல்லையே என்று சத்தியம் செய்தார்கள். போன ஏப்ரலில் பதினொரு பேர் ஒற்றைக் கண்ணோடு திரும்பி வந்தார்கள். ஒருத்தி விழுந்ததையெல்லாம் பொறுக்கித் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து, அதையே திரும்ப ஒட்டித் தரச் சொன்னாள்.

பார்லர் முதலாளி ஆர்யா இந்த வருடம் முன்கூட்டியே முடிவெடுத்தாள். பொங்காலை கழிந்ததும் இமைமுடி ஒட்டும் கட்டிலை மடக்குவது. மழை வரும்வரை ஜெபமலர் பெடிக்யூர் தொட்டிக்கு.

"இந்த வேனல்ல வேண்டா ஜெபா. ஆளுங்க வழக்கு பறஞ்சு எனக்கு மதியாயி." வாடிக்கையாளர்களிடம் வாங்கிய ஏச்சு அவளுக்குப் போதும் போதுமென்றாகியிருந்தது.

கால் கழுவுவதில் ஜெபமலருக்குக் குறை ஒன்றும் இல்லை. விரலைப் பற்றித்தான் கவலை. மூன்று மாதம் சோப்புத் தண்ணீரிலும் பாதம் தேய்க்கும் கல்லிலும் கிடந்தால் விரல் நுனி தடித்துவிடும். தடித்த விரலுக்கு ஒற்றை இமைமுடி தட்டுப்படாது. கல் ஒட்டும்போது கூட இருந்த ஒருத்தி ஒரு கோடைக்கு ஹோட்டல் பாத்திரம் கழுவப் போய், திரும்பி வந்து இடுக்கியைப் பிடிக்க முடியாமல் அழுததை அவள் பார்த்திருக்கிறாள். அதனால் பந்தயம் கட்டினாள். ஒருத்திக்கு ஒட்டுகிறேன். அவள் பொங்காலையில் நின்று பொங்கட்டும். சாயந்தரம் வந்து எண்ணிப் பாருங்கள், எண்பதில் அறுபது இருந்தால் கட்டில் இருக்கட்டும்.

இதை, நூல் போட்டுப் புருவம் திருத்திக்கொள்ளப் படுத்திருந்த சீதாலக்ஷ்மி கேட்டாள். கண்ணை மூடியபடியே, தன்னை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவள் வருடா வருடம் இரண்டு பானை வைப்பவள். தைராய்டு மாத்திரையில் இமைமுடி கொட்டிப்போய், ஓரத்தில் நாலைந்துதான் மிச்சம் என்று அவள் நினைத்திருந்தாள். ஜெபமலர் விளக்கு வைத்துப் பார்த்ததில் மெல்லிசாக எண்பது இருந்தது. ஒரே நிபந்தனை, யாருக்கும் தெரியக் கூடாது. ஆத்துக்காரருக்குமா என்று ஆர்யா கேட்டாள். அவருக்குச் சொன்னால்தான் தெரியும் என்றாள் சீதாலக்ஷ்மி.

அது சரியாகவே இருந்தது. பஞ்சாபகேசன் சர்வே இலாகாவில் முப்பது வருடம் அங்குலம் பிசகாமல் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். மனைவியின் முகத்தில் நூற்றறுபது முடி கூடியதை ஐந்து நாளாக அவர் பார்க்கவில்லை. அவள் மல்லாந்தே படுப்பதால் குறட்டை கூடியிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஐந்து நாளும் காலையில் ஜெபமலர் போனில் கூப்பிட்டு, நுரை போட்டாயிற்றா, பிரஷ் வைத்துச் சீவியாயிற்றா, எண்ணெய் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். எண்ணெய்ப் பாட்டில் மாடியில், பூட்டிய அலமாரியில் இருந்தது.

இப்போது அடுப்பில் அரிசி கொதி வாங்கிக்கொண்டிருந்தது. சீதாலக்ஷ்மி நெய்க் கிண்ணத்தை எடுத்து இரண்டாவது பானையில் ஊற்றினாள். விரலில் நெய் வழிந்தது. கை தானாக மேலே எழும்பியது. கண்ணாடியின் விளிம்புக்கு வந்துவிட்ட மணிக்கட்டை ஜெபமலர் பிடித்து நிறுத்தினாள். இருவரும் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"கர்மம்" என்றாள் சீதாலக்ஷ்மி தன் கையைப் பார்த்து. முந்தானையில் துடைத்தாள்.

பத்தே முக்காலுக்கு ஜெபமலர் மூக்கைத் தூக்கினாள். காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். வெயில் ஏறியதும் கடலிலிருந்து கரைக்குத் திரும்பும். அந்தத் திருப்பத்தைப் பார்த்துத்தான் அப்பா கட்டுமரத்தைத் திருப்புவார். அவள் சீதாலக்ஷ்மியைத் திருப்பினாள். அடுப்பைச் சுற்றி மேற்குப் பக்கம் கொண்டுவந்து கிழக்கு நோக்கி நிறுத்தினாள். இரண்டு நிமிடத்தில் காற்று மாறியது. அடுப்பின் புகை அப்படியே எதிர்ப்பக்கம் சாய்ந்தது.

ஜெபமலர் அதுவரை ஒரு அடுப்பின் புகையை மட்டுமே யோசித்திருந்தாள்.

சொர்ணம்மாளின் அடுப்பு மேற்கே இருந்தது. அவள் அதில் ஈர விறகு வைத்திருந்தாள். அது எரியவில்லை, அடம்பிடித்துக் கிடந்தது. அதன் மஞ்சள் புகை முழுவதும் இப்போது நேராக சீதாலக்ஷ்மியின் பின்கழுத்தில் மோதி, இரண்டு காதையும் சுற்றிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடிக்குள் நுழைந்தது. தெருவில் எல்லோரும் முந்தானையால் கண்ணைக் கசக்கினார்கள். சீதாலக்ஷ்மி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்கு அடியில் தாரை தாரையாக வழிந்தது. துடைக்கவில்லை. எதிர்வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியிடம் அந்த மாமியின் பக்தியைக் காட்டினாள்.

கண்ணீர் உப்புத் தண்ணீர்தான். கழுவினால் போய்விடும். ஆனால் இன்னும் ஐந்து நிமிடம் இப்படி நின்றால் மாமி கசக்கிவிடுவாள் என்று ஜெபமலருக்குத் தெரிந்தது. விரத நாள் என்றாலும் கை கைதான். விசிறியை அவளிடம் கொடுத்தாள். சொர்ணம்மாளின் அடுப்புக்கு முன்னால் முட்டி போட்டாள். புகைகிற அடுப்பை நிறுத்த ஒரே வழி அதை எரியவைப்பது. ஈர விறகை உருவினாள். தங்கள் கொதும்பில் இரண்டை உள்ளே திணித்தாள். கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினாள்.

ஊதுகுழல் இல்லாமல் ஊதும்போது முகத்தை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்பது அம்மாவின் அடுப்பில் பழகியது. அந்தப் பழக்கம் அவள் தன் கண்ணிலும் இமைமுடி ஒட்டிக்கொள்வதற்கு முந்தியது.

மூன்றாவது ஊதலில் தீ பக்கென்று எழுந்தது. புகை நின்றது. சொர்ணம்மாளின் பானை சலசலத்தது. சீப்பு எரிந்தாற்போல ஒரு வாடை வந்தது.

சொர்ணம்மாள் சிஸ்டருக்கு நன்றி சொல்லக் குனிந்தவள் அப்படியே நின்றாள். நர்ஸின் வலது கண்ணில் இமைமுடி இல்லை. அது இருந்த இடத்தில் கறுப்பாகச் சுருண்டு, சேமியாவின் தூள் மாதிரி ஏதோ இருந்தது. சொர்ணம்மாள் இரண்டு விரலால் அதில் ஒன்றை எடுத்தாள். நசுக்கிப் பார்த்தாள். முப்பது வருடமாக அரிசியில் கலப்படம் பார்த்த விரல்.

"இது முடி இல்லியே சிஸ்டர்."

சொர்ணம்மாள் மெதுவாகத் திரும்பி, பட்டாம்பூச்சி போட்ட கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தாள். சீதாலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றினாள். ஒரு தடவை மூடித் திறந்து காட்டினாள்.

அடுத்த தெருவில் குரவை கேட்டது. யாருடைய பானையோ பொங்கிவிட்டது.

"ஓப்பரேஷன்னு நான் சொல்லல்லே சொர்ணம். நீதான் சொன்னே."

சொர்ணம்மாள் கிட்ட வந்து பார்த்தாள். ஒரு பக்கம் பார்த்தாள், மறுபக்கம் பார்த்தாள். அரிசி மாதிரி கையில் அள்ளிப் பார்க்க முடியாததுதான் குறை.

"எத்தன நாளு நிக்கும்?"

"எண்ணெய் படாம இருந்தா மூணு வாரம்" என்றாள் ஜெபமலர், தரையிலிருந்தே.

"மாமா என்ன சொன்னாவ?"

"குறட்டை விடறேனாம்" என்றாள் சீதாலக்ஷ்மி.

சொர்ணம்மாள் சிரிக்கத் தொடங்கினாள். அப்போது அவளுடைய பானை பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. சிரிப்பும் குரவையும் ஒன்றாக வந்தன. பின்னாலேயே சீதாலக்ஷ்மியின் இரண்டு பானைகளும் பொங்கின. மதியம் தீர்த்தம் தெளிக்க வந்தவர் மூன்று பெண்களும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்காமல் தெளித்துவிட்டுப் போனார்.

ஐந்து மணிக்கு ஆர்யா பார்லரைத் திறந்தாள். கரமனையில் அவளும் பொங்காலை போட்டுவிட்டு வந்திருந்தாள், நெற்றியில் கரி. சீதாலக்ஷ்மியைக் கட்டிலில் படுக்கவைத்து விளக்கை இழுத்தாள். ஜெபமலரை வாசல் பக்கம் முகம் திருப்பி உட்காரச் சொன்னாள், கணக்கில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று. ஒவ்வொன்றாக இடுக்கியால் விலக்கி மலையாளத்தில் எண்ணினாள். நாற்பதைத் தாண்டியபோது குரல் மெலிந்தது. ஐம்பத்தெட்டில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். ஜெபமலர் வாசலைப் பார்த்தபடி தன் கட்டைவிரலால் ஆட்காட்டி விரலின் நுனியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வலது கண் எழுபத்தொன்று. இடது கண் அறுபத்தெட்டு.

ஆர்யா விளக்கை அணைத்தாள். கட்டில் இருக்கட்டும் என்றாள். அப்போதுதான் ஜெபமலர் திரும்பினாள். ஆர்யா அவளுடைய வலது கண்ணைப் பார்த்தாள்.

"எடி, நின்டெ கண்ணுக்கு எந்து பற்றி, என்னாச்சு?"

"அது பந்தயத்துல இல்ல சேச்சி" என்றாள் ஜெபமலர்.

மறுநாள் தெருவில் செங்கல் இல்லை. கார்ப்பரேஷன் லாரிகள் ஏற்றிக்கொண்டு போயிருந்தன. ஜெபமலர் ஒன்பதரைக்குப் பார்லருக்கு வந்து ஏசியை இருபத்திரண்டில் வைத்தாள். தன் வலது கண்ணில் மிஞ்சியதைக் கழற்றினாள். பொருந்தாமல் இருந்ததால் இடது கண்ணிலிருந்ததையும் கழற்றினாள். பத்து மணிக்கு ஒரு வாடிக்கையாளர். பதினொன்றேகாலுக்குச் சொர்ணம்மாள் வந்து சிஸ்டர் இருக்கிறாளா என்று கேட்டாள். தலையில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. ஜெபமலர் திருப்பி அனுப்பினாள். சொர்ணம்மாள் நாலு மணிக்குத் தலைகுளித்துவிட்டு வந்தாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சீதாலக்ஷ்மி போனில் கூப்பிட்டுக் கழுவியாயிற்று என்று சொன்னாள். பெடிக்யூர் தொட்டியை வேறொரு பெண் தேய்த்துக் கவிழ்த்துவைத்தாள்.