பிக்கப் இல்லாத வண்டி

அந்த டிரைவிங் ஸ்கூலில் அவருக்குப் பெயர் மிதி மாஸ்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று லைசன்ஸில் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. இருபத்தாறு வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "மிதி... மிதி... ஐயோ, அத இல்ல!" என்று கத்திக் கத்தியே குரல் கரகரத்துப் போனவர். பயிற்சி வண்டியில் அவர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஆக்சிலேட்டர் கிடையாது. "நமக்கு எதுக்கு அது? ஓட்டுறது அவங்க வேலை, ஊரைக் காப்பாத்துறது நம்ம வேலை" என்பார். கற்றுக்கொள்ள வந்தவர் எதிலாவது போய் முட்டுவதற்கு அரை நொடி முன்னால் அவருடைய வலது கால் அந்த பிரேக்கில் இறங்கியிருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. சும்மா சொல்லக்கூடாது, அத்தனை வருடத்தில் அவர் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

ஸ்கூலின் முதலாளி அவருடைய மனைவியின் தம்பி. ஆறு மாதத்துக்கு முன்னால் மச்சினன் பழைய வண்டியைத் தலைமுழுகிவிட்டுப் புது வண்டி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான். கியர் மட்டும்தான் கையால் போட வேண்டும், மற்றதெல்லாம் கம்ப்யூட்டர். பழைய வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கேபிள் இழுக்கும், எஞ்சின் உறுமும், கதை முடிந்தது. இதிலோ மிதித்த செய்தி முதலில் ஒரு பெட்டிக்குப் போகிறது. பெட்டி மனது வைத்தால்தான் எஞ்சினுக்குத் தெரியும். மாஸ்டருக்கு முதல் நாளிலிருந்தே அந்தப் பெட்டியின் மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை.

அதற்கேற்ற மாதிரி, கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஒவ்வொருவராக முனக ஆரம்பித்தார்கள். வண்டிக்கு பிக்கப் இல்லை. மிதித்தால் கொஞ்ச நேரம் யோசிக்கிறது. சில நேரம் யோசனையிலேயே அணைந்துவிடுகிறது.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவர் ஒரு தையல்காரம்மா. வயது நாற்பத்தெட்டு. கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில். போகும்போது எப்படியோ பஸ்ஸில் போய்விடுவார்கள். திரும்பும்போதுதான் மனிதர் துவண்ட துணியாக அந்தம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு வருவார். ஒருநாள் பஸ் படியிலேயே சரிந்துவிட்டார். அவர் நன்றாக இருந்த காலத்தில் ஓட்டிய கார் வீட்டு வாசலில் உறை போட்டு நின்றது. அதை ஓட்ட ஒரு ஆள் வேண்டும், வீட்டில் இருப்பது இவர் ஒருவர்தான். அதனால் காலை ஆறரைக்கு வகுப்பு, எட்டு மணிக்கு மெஷின்.

ரவுண்டானாவில் தினமும் அதே கூத்துதான். பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்திருப்பான்.

"மிதிங்கம்மா!"

"மிதிச்சிட்டுதான் சார் இருக்கேன்!"

"இதுக்குப் பேரு மிதியா? பட்டுத்துணி தைக்கிறீங்களா? நல்லா அழுத்துங்க. இன்னும்... இன்னும்!"

எஞ்சின் ஒரு இருமல் இருமி அடங்கிவிடும். மாஸ்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அந்தம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி சாவியைத் திருப்புவார். ஒரு மாதத்தில், கிட்டத்தட்ட தரையோடு சேர்த்து மிதித்தால்தான் கார் நகரும் என்று அவருடைய கால் பாடம் படித்துவிட்டது.

லைசன்ஸ் தேர்வும் அதே வண்டியில்தான், ஆனால் பக்கத்து சீட்டில் இன்ஸ்பெக்டர் உட்காருவார். மாஸ்டர் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். அந்தம்மா வழக்கம்போல அழுத்தி மிதித்தார். கார் வில்லிலிருந்து விட்டது போலப் பாய்ந்து, நட்டுவைத்த கம்பங்களில் இரண்டைச் சாய்த்துவிட்டு நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வண்டி உங்க கையில இல்லம்மா" என்றார்.

திரும்பி வரும் வழியில் அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மாஸ்டர் ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று அப்போதுதான் வாயை விட்டார்.

"சில பேருக்குக் காலு பழகாதும்மா. வயசும் ஆகிப்போச்சு. வீட்டுல வேற யாராச்சும் கத்துக்கட்டுமே."

"வேற யாரும் இல்ல சார்."

மறுநாளிலிருந்து அவர் வரவில்லை.

ஸ்கூல் வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறைக்காரர் ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. மாஸ்டர் மூன்று முறை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். மூன்று முறையும் அவர் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார், காற்று போகிற வழியைச் சுத்தம் செய்தார், ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. தானே ஓட்டிப் பார்த்தார், வெண்ணெய் மாதிரிப் போனது. மாஸ்டர் தனியாக ஓட்டினாலும் அப்படித்தான். "அப்ப எல்லாம் இவங்க கால்லதான்யா கோளாறு" என்றார் மாஸ்டர், பாதி நிம்மதியோடு. ஆனால் அடுத்தடுத்துக் கற்றுக்கொள்ள வந்த இரண்டு பேரும் அதே பாட்டைப் பாடியதும் பட்டறைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"மாஸ்டர், நீங்க எப்பவும் உக்கார்ற மாதிரி உக்காருங்க. நான் கத்துக்க வந்தவன்."

ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு முதல் கியரைப் போட்டார். மிதித்தார். வண்டி யோசித்தது.

"பாத்தியா! பாத்தியா!" மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பட்டறைக்காரர் ஸ்கேனரைப் பார்த்தார். "பிரேக் புடிச்சிருக்குன்னு காட்டுது."

"நீ புடிச்சிருப்ப."

"என் காலு இங்க இருக்கு." குனிந்து மாஸ்டர் பக்கம் பார்த்தார். "மாஸ்டர், காலை எடுங்க."

"எடுத்துதானய்யா வெச்சிருக்கேன்!"

பட்டறைக்காரர் விரலால் கீழே காட்டினார், மாஸ்டரும் குனிந்து பார்த்தார். அவருடைய வலது ஷூ பிரேக்கின் மேல் இருந்தது. அழுத்தவில்லை, சும்மா சாய்ந்திருந்தது. காலைத் தூக்கினார். அது தூக்கிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தார். எதன் மேலிருந்து எழுந்தது என்று காலுக்குத் தெரியவில்லை.

"ரெண்டையும் ஒண்ணா மிதிச்சா புது வண்டி பிரேக்கைத்தான் நம்பும்" என்றார் பட்டறைக்காரர், மெதுவாக. "ஆக்சிலேட்டர் கத்துறத காதுலயே போட்டுக்காது. லேசா தொட்டாலே போதும். பழைய வண்டின்னா இழுத்துக்கிட்டுப் போயிருக்கும், நமக்கும் தெரிஞ்சிருக்காது."

மாஸ்டருக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம். ஞாபகம் வந்தால் மாத்திரை, வராவிட்டால் இல்லை. போன வருடத்திலிருந்தே உள்ளங்காலில் தடித்த கம்பளி சுற்றிய மாதிரி இருந்தது. ஷூ சரியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. இப்போது ஒவ்வொன்றாக விளங்கியது. தேர்வு நாளில் பக்கத்தில் இந்தக் கால் இல்லை, அதனால்தான் கார் பாய்ந்தது. அப்படி மிதிக்கச் சொல்லிக்கொடுத்தது யார்? அவருக்கு அழுகையே வந்துவிட்டது, தும்முவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மாஸ்டர். காலைத் தள்ளி வெச்சுக்குங்க, போதும்."

போதும் என்றுதான் அவரும் நினைத்தார். மனித மனம் அப்படித்தானே. மறுநாள் முழுக்க ரோட்டைப் பாதியும் தன் காலைப் பாதியுமாகப் பார்த்துக்கொண்டு வகுப்பு எடுத்தார். மதியம் ஒரு சைக்கிள்காரர் சடாரென்று குறுக்கே வந்தார். மாஸ்டர் ஓங்கி மிதித்தார். வண்டி நிற்கவில்லை. கற்றுக்கொள்ள வந்து நாலே நாள் ஆன ஒரு வங்கி குமாஸ்தா, பயத்தில் தானாகவே பிரேக் போட்டு அந்த உயிரைக் காப்பாற்றினார். மாஸ்டர் குனிந்து பார்த்தபோது அவருடைய கால் வெறும் தரைவிரிப்பை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது.

சாயங்காலம் தையல்காரம்மாவின் வீட்டு வாசலில் போய் நின்றார். காரின் உறை எடுக்கப்பட்டிருந்தது, கழுவித் துடைத்திருந்தார்கள்.

"நாளைக்கு எடுத்துட்டுப் போக ஆள் வராங்க" என்றார் அந்தம்மா, மெஷினிலிருந்து எழாமல். "ஓட்ட ஆள் இல்லாத வண்டி எதுக்குன்னு அவரே சொல்லிட்டாரு."

மாஸ்டர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அந்தம்மா நூலை அறுக்கவும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். முகம் சிவந்தது.

"இத்தன நாளா கண்ணாடி முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்து, என் காலையே பாத்துட்டு இருந்தேன் சார். இதுல என்னதான் கொறைன்னு. நாக்கு மேல பல்லுப் போட்டு எவ்வளவு பேசுனீங்க!"

"பேசுனேன்மா. தப்பு."

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? உள்ள வாங்க. அவர்கிட்ட சொல்லுங்க."

கணவர் கட்டிலில் சுவரோரமாகச் சாய்ந்திருந்தார். மாஸ்டர் இரண்டாம் முறையாக எல்லாவற்றையும் சொன்னார். முதல் முறையைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அப்ப இவ ஓட்டுவாளா?" என்று கேட்டார் அவர்.

"நல்லாவே ஓட்டுவாங்க. நான்தான் வண்டிய ஓடவிடல."

அந்தம்மா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வண்டி விற்பதற்கில்லை என்று அவர் யாரிடமோ கறாராகச் சொல்வது உள்ளே கேட்டது. திரும்பி வந்து, "நாளன்னிக்கு வகுப்புக்கு வரேன்" என்றார்.

"வாங்கம்மா. என் மச்சினன் சொல்லிக்குடுப்பான். நான் இனிமே அந்த சீட்டுல உக்கார மாட்டேன்." அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மச்சினனுக்கே இன்னும் தெரியாது.

கட்டிலில் இருந்தவர் மாஸ்டரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சக்கரையா?"

"ஆமாங்க."

"எத்தன வருஷம்?"

"பதினொண்ணு."

"எனக்கும் மொதல்ல உள்ளங்கால்தான் மரத்துப்போச்சு" என்றார் அவர். "நானும் செருப்பு சரியில்லன்னுதான் நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லல."

மாஸ்டர் அவருடைய கையில் ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போயிருந்த இடத்தைப் பார்த்தார். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க வந்த வாயில் ஒரு கேள்விதான் வந்தது.

"நீங்க எந்த டாக்டர்கிட்ட காட்டுறீங்க?"

"நாளைக்கு இவருக்கு டயாலிசிஸ், காலையில ஏழு மணிக்கு வந்துடுங்க, கூட்டிட்டுப் போறோம்" என்றார் தையல்காரம்மா. அவருடைய கோபம் இன்னும் தீரவில்லை. "பஸ்லதான் போகணும்."